தபீதாள் வைத்துப்போன ஒழுங்கு

தபீதாள் வீட்டில் ஒரு சாமானைத் தேடுவது என்ற பேச்சே கிடையாது. ஊசி வேண்டுமென்றால் ஊசி, ஊக்கு வேண்டுமென்றால் ஊக்கு, கையை நீட்டினால் வரும். பக்கத்து வீட்டுக்காரியான எனக்கு அதைப் பார்க்கப் பார்க்க வயிற்றெரிச்சல். என் வீட்டில் கத்திரிக்கோலைத் தேடினால், போன மாதம் தொலைந்த கரண்டி அகப்படும். என் வீட்டுக்காரர் தோத்தாத்ரி, "நாகு, உன் பீரோவைத் திறக்கறதுக்கு முன்னாடி இன்ஷ்யூரன்ஸ் பண்ணிக்கணும்" என்பார். சிரித்துக்கொண்டே சொல்கிற மனிதரோடு சண்டை போடவும் முடியாது.

கிழக்குத் தாம்பரத்தில், சேலையூருக்குப் போகிற சாலையை ஒட்டிப் புதிதாக மனை பிரித்தபோது நாங்கள் இரண்டு குடும்பமும் அடுத்தடுத்து வீடு கட்டிக்கொண்டோம். நடுவே ஒரு வேலி. வேலியில் ஆள் நுழைகிற சந்து ஒன்றைச் சீக்கிரமே உண்டாக்கிக்கொண்டோம். அவர்கள் திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர்கள். தபீதாள் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சராக இருந்து, உடம்பு ஒத்துக்கொள்ளாமல் வேலையை விட்டவள். அவள் கணவர் ஜெபராஜ் ரயில்வே ஆபீசில் டிராப்ட்ஸ்மேன். பாலத்துக்கும் பிளாட்பாரத்துக்கும் படம் வரைகிறவர். காலையில் மின்சார ரயிலைப் பிடித்துப் பட்டணம் போனால் சாயங்காலம்தான் திரும்புவார். குழந்தைகள் இல்லை. அதைப் பற்றி இரண்டு பேருமே பேசமாட்டார்கள். நானும் கேட்டதில்லை.

சர்ச்சுப் பெண்கள் சங்கத்து விற்பனைக்குத் தலையணை உறையும் மேஜை விரிப்பும் போட்டுக் கொடுப்பது தபீதாளின் வேலை. பூத்தையல் நூல்களைச் சிக்கலாக விடமாட்டாள். பழைய கிறிஸ்மஸ் கார்டுகளைத் துண்டாக வெட்டி, ஓரத்தில் பல்லுப் பல்லாக நறுக்கி, அதில் நூலைச் சுற்றி, பிஸ்கட் டின்னில் நிறவாரியாக நிற்கவைத்திருப்பாள். பட்டன்களை டப்பாவில் கொட்டிவைக்கிற வழக்கம் அவளிடம் இல்லை. சட்டைப் பட்டன் ஒரு நூலில், ரவிக்கைக் கொக்கி ஒரு நூலில் என்று கோத்து ஆணியில் மாட்டியிருப்பாள். கத்திரிக்கோலுக்கு ஒரு நாடா, நாடாவுக்கு ஒரு ஆணி. மீந்த துணிகளைச் சுருட்டி அடுக்கியிருப்பாள், ஒன்றை உருவினால் இன்னொன்று கலையாது.

ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. "இதெல்லாம் எப்படிடியம்மா உனக்கு மட்டும் வருது?" என்று கேட்டேன்.

"பெரிய வித்தை ஒண்ணும் இல்ல மாமி. ஒரு சாமானைத் தேடி நீங்க முதல்ல எங்க போறீங்களோ, அதுதான் அதோட இடம். அங்கயே வெச்சிருங்க. நீங்க வேற எங்கயோ அழகா அடுக்கி வெச்சிட்டு, அப்புறம் கை போற இடத்துல தேடுறீங்க."

வீட்டுக்குப் போய் இரண்டு நாள் செய்து பார்த்தேன். மூன்றாம் நாள் பழையபடி ஆகிவிட்டது. என் கை எங்கே போகும் என்று எனக்கே தெரியாது, நான் என்ன செய்ய?

அறுபத்தெட்டாம் வருஷம் மழைக்கு முன்னால் அவள் வயிற்றில் கட்டி என்று தெரிந்தது. பட்டணத்து ஆஸ்பத்திரியில் திறந்து பார்த்து, அப்படியே மூடித் தைத்து அனுப்பிவிட்டார்கள். கிறிஸ்மஸ் வரை தாங்கினாலே அதிகம் என்று டாக்டர் ஜெபராஜைத் தனியே கூப்பிட்டுச் சொன்னாராம். அதை அவர் மனைவியிடம் மறைக்கவில்லை. மறைக்கத் தெரியாத மனிதர் என்றுதான் அப்போது நான் நினைத்தேன். நான் பார்க்கப் போனபோது தபீதாள் கட்டிலில் சாய்ந்திருந்தாள். அவளே பேசினாள். "தையலைச் சுத்தமா போட்டிருக்காங்க மாமி. என் கிளாஸ் பிள்ளைங்ககூட இவ்வளவு நெருக்கமா போட மாட்டாங்க." எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கோபமும் வந்தது.

அவள் தன்னைப் பற்றிக் கவலைப்படவே இல்லை. அவளுக்கிருந்த ஒரே கவலை ஜெபராஜ். கல்யாணமான நாளிலிருந்து அந்த மனிதர் ஒரு டம்ளர் தண்ணீர்கூடத் தானாக எடுத்துக் குடித்ததில்லை. அவள் எடுக்க விட்டதில்லை. தான் போய்விட்டால் இவர் பசியோடு உட்கார்ந்திருப்பார், பட்டன் இல்லாத சட்டையோடு ஆபீசுக்குப் போவார், நாலு பேர் சிரிப்பார்கள் என்று அவள் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. இருக்கிற காலத்துக்குள் அவரைத் தனியாகப் பிழைக்கக்கூடியவராக ஆக்கிவிட வேண்டும். அது முடிந்தால் நிம்மதியாகக் கண்ணை மூடுவேன் என்று என்னிடம் வாய்விட்டே சொன்னாள்.

அதற்கு அவள் செய்த காரியம் வேறு யாருக்கும் தோன்றாது. கட்டிலில் படுத்தபடியே, "அத்தான், உப்பு எடுத்துட்டு வாங்க" என்பாள். அவர் எழுந்து போகும்போது, அவர் கை முதலில் எங்கே போகிறது என்று பார்ப்பாள். அவர் ரேடியோ வைத்திருந்த பலகையில் உப்பைத் தேடினார். ஏன் அங்கே என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். மறுநாள் ரேடியோவுக்குப் பக்கத்தில் உப்பு ஜாடி உட்கார்ந்திருந்தது. காப்பிப்பொடி சவர சாமானோடு சேர்ந்தது. தீப்பெட்டி செருப்பு வைக்கிற இடத்துக்குப் போனது. பார்த்துப் பார்த்து அடுக்கிய வீட்டை அவளே தலைகீழாக்கிக்கொண்டிருந்தாள்.

"உனக்கென்ன பைத்தியமா? உப்புக்கும் ரேடியோவுக்கும் என்னடி சம்பந்தம்?" என்று கத்தினேன்.

"எனக்கப்புறம் இந்த வீட்ல தேடப்போறது அவர்தானே மாமி. அவர் கை போற இடத்துலதானே எல்லாம் இருக்கணும்."

நான் வேலிச் சந்து வழியாக வீட்டுக்கு வந்து, அடுப்பைப் பற்றவைக்காமலே அதன் எதிரில் உட்கார்ந்து அழுதேன்.

அப்புறம் ஒரு துணி தைத்தாள். கெட்டியான காடாத் துணியில் வரிசையாக ஏழு பை, கிழமைக்கு ஒன்று. சமையலறை வாசலில் மாட்டினாள். திங்கட்கிழமைப் பையில் சோப்பும் நீலமும். செவ்வாய்க்கு ரேஷன் கார்டு. புதனுக்கு ஊசி, நூல், கோத்த பட்டன்கள். சனிக்கு ஷூ பாலிஷும் பிரஷும். ஞாயிற்றுக்கிழமைக்குக் கோயில் காணிக்கைக் கவர். இப்படியே மற்றதும். காலையில் எழுந்து அன்றைய பைக்குள் கையைவிட்டால் என்ன வருகிறதோ, அதுதான் அன்றைக்குப் பார்க்க வேண்டிய வேலை. படிக்க வேண்டாம், ஞாபகம் வைத்துக்கொள்ளவும் வேண்டாம். அதைப் பார்த்து நானே ஒன்று தைத்துத் தரச் சொல்லிக் கேட்க நினைத்தேன். அவள் இருக்கிற நிலைமையில் கேட்க வாய் வரவில்லை.

இத்தனை செய்தும் ஜெபராஜுக்கு ஒன்றும் ஏறவில்லை. உப்பை ரேடியோ பக்கத்தில் வைத்த பிறகு அவர் பீரோவில் தேடினார். பீரோவுக்கு மாற்றினால் ஜன்னல் மாடத்தில் தேடினார். செவ்வாய்க்கிழமை புதன் பைக்குள் கைவிட்டார். கஞ்சி வைக்கச் சொன்னால் அடி பிடித்தது. கிறிஸ்மஸ் வந்தது, போயிற்று. தபீதாள் வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு, ஜெபராஜ் கைத்தாங்கலாகப் பிடிக்க, கோயிலுக்குக்கூடப் போய் வந்தாள். மனிதர் மட்டும் ஒரு அங்குலம் தேறவில்லை.

பெரிய பாடம் பட்டன்தான். புதன்கிழமை சாயங்காலம் அவர் ஆபீசிலிருந்து வந்ததும் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவைப்பாள். பொழுது போகாமல் நானும் போய் உட்காருவேன். "பட்டனைத் துணியோட ஒட்டித் தைக்கக் கூடாது அத்தான். கொஞ்சம் தூக்கிப் பிடிங்க. நாலு தரம் ஊசி போயி வந்ததும், பட்டனுக்கும் துணிக்கும் நடுவுல நூலைச் சுத்துங்க. காம்பு மாதிரி நிக்கும். அப்பதான் காஜாவுல உக்காரும். முடிச்சு அடியில மறைஞ்சிரணும்." அவர் ஊசியைப் பிடிக்கிற அழகைப் பார்க்கணுமே. விரலைக் குத்திக்கொள்வார், நூலைச் சிக்க வைப்பார், கடைசியில் பட்டன் ஒரு பக்கமாகத் தொங்கும். நானும் கூடவே ஒரு துணியில் தைத்துப் பார்ப்பேன். என்னுடையது தொங்காது, விழுந்தே விடும். ஆனால் எனக்கு வராவிட்டால் யார் செத்தார்கள்?

"நாளெல்லாம் மயிர்க்கோடு மாதிரி கோடு போடுற கை, ஒரு பட்டனுக்கு வணங்கலையே அத்தான்" என்று அவள் தலையில் அடித்துக்கொள்வாள். கண்ணில் தண்ணீர் நிற்கும். பிறகு பிரித்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாள். எனக்கு ரத்தம் கொதித்தது. சாகப்போகிறவள் இவ்வளவு பாடுபடுகிறாள், இந்த மனிதர் கொஞ்சம் மனசு வைக்கக்கூடாதா? அவருடைய படம் வரைகிற மேஜையை நான் பார்த்திருக்கிறேன். பென்சில்கள் அளவுவாரியாக, ரப்பர் வலப் பக்கம், மசிப் பேனா துடைக்கிற துணி மடித்து இடப் பக்கம். தன் சாமானை இப்படி வைக்கத் தெரிந்தவருக்கு உப்பு இருக்கிற இடம் தெரியாதாம்.

ஈஸ்டருக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை மத்தியானம், தபீதாளுக்கு ரசம் எடுத்துக்கொண்டு வேலிச் சந்து வழியாகப் போனேன். அவள் மருந்து மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தாள். பின்பக்க அறை ஜன்னலில் ஜெபராஜ் தெரிந்தார். மேஜையில் படத்துக்குப் பதிலாகச் சட்டை. பட்டனைத் தூக்கிப் பிடித்து, ஊசியை ஒரே சீராக விட்டு வாங்கி, நடுவில் நூலைச் சுற்றிக் காம்பு எழுப்பி, முடிச்சை அடியில் ஒளித்து, நூலை வெட்டினார். தபீதாளே தைத்த மாதிரி இருந்தது. நான் வாய் திறந்து பாராட்டுவதற்குள் கத்திரிக்கோலை எடுத்து அந்தப் பட்டனை அறுத்தார். மறுபடி தைத்தார், இந்தத் தடவை தொளதொளவென்று, வேண்டுமென்றே கோணலாக.

ரசத்தை அங்கேயே வைத்துவிட்டு அவரைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டேன். "என்ன சார் பண்றேள் நீங்க? அவ உசிரைக் கொடுத்துச் சொல்லிக் கொடுக்கறா, நீங்க நாடகமாடறேளா?"

அவர் தலை குனிந்து நின்றார். "புதன்கிழமை அவ பாக்கணும்ல மாமி."

"பார்த்து அழணுமா?"

"திட்டணும். திட்டிட்டு மறுபடி சொல்லிக் குடுக்கணும்." கிணற்றுக் கட்டையில் உட்கார்ந்தார். "டாக்டர் கிறிஸ்மஸ் தாண்டாதுன்னார். தாண்டிட்டா பாத்தீங்களா? எதனால இருக்கான்னு நினைக்கிறீங்க? எனக்கு இன்னும் ஒண்ணும் வரலைன்னுதான் இருக்கா. எல்லாம் வந்திருச்சுன்னா, சரி இவர் பொழைச்சுக்குவார்னு கிளம்பிருவா. ஒரு வேலையை அரைகுறையா போட்டுட்டு அவ எந்திரிச்சதே கிடையாது மாமி. எனக்குத் தெரியும் அவளை."

உப்பு, காப்பிப்பொடி, கிழமைப் பைகள் எல்லாமே அவருக்கு முதல் வாரத்திலேயே மனப்பாடமாம். தினமும் யோசித்து யோசித்துத் தப்பான இடத்தில் கைவைத்துக்கொண்டிருந்தார். கட்டிக்கும் பட்டனுக்கும் சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரியும். படித்த மனிதர், அவருக்கும் தெரிந்திருக்கும். ஆனால் அவள் உயிரோடு இருந்தாளே. அதற்குமேல் நான் என்ன வாதாட? வீட்டுக்கு வந்துவிட்டேன்.

கோடை வெயில் ஏறியபோது தபீதாள் எழுந்திருக்க முடியாமல் ஆகிவிட்டாள். வலிக்கு ஊசி போட நர்ஸ் வந்து போனாள். ஊசி போட்டாலும் தூங்கமாட்டாள். வலிக்கிறது என்று ஒரு நாளும் சொல்லவில்லை. "இவர் என்ன பண்ணுவார், இவர் என்ன பண்ணுவார்" என்றுதான் முனகுவாள். சர்ச்சிலிருந்து போதகர் ஜெபம் பண்ண வந்தார். சுகத்துக்காக ஜெபிப்போம் என்று அவர் கண்ணை மூடப்போனபோது தபீதாள் கையைத் தூக்கித் தடுத்தாள்.

"எனக்காக வேண்டாம் ஐயா. இவருக்குக் கொஞ்சம் கைவேலை வரணும்னு ஜெபம் பண்ணுங்க."

போதகர் அதற்காகவே ஜெபித்தார். ஜெபராஜ் எழுந்து வெளியே போனார். நான் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். வீட்டின் பின்பக்கம் நின்று தன் கையைத் தானே சுவரில் அடித்துக்கொண்டிருந்தார்.

"போதும் சார்" என்றேன். "நீங்க அவளைப் பிடிச்சு வெச்சிண்டிருக்கேள், சரி. ஆனா நிம்மதியில்லாம பிடிச்சு வெச்சிண்டிருக்கேள். காட்டிடுங்கோ."

"புதன்கிழமை காட்டிடுறேன் மாமி" என்றார்.

அந்தப் புதன்கிழமை லீவு போட்டார். வீட்டைப் பெருக்கித் துடைத்தார். தேடாமல் தடவாமல் சாமான்களை எடுத்து, அடி பிடிக்காமல் கஞ்சி காய்ச்சினார். தன் வெள்ளைச் சட்டை ஒன்றில் எல்லாப் பட்டனையும் பிரித்துவிட்டுப் புதிதாகத் தைத்தார். அதைப் போட்டுக்கொண்டு கட்டிலருகே வந்து குனிந்து நின்றார். நான் கால்மாட்டில் நின்றேன்.

"தபீ, இதைப் பாரு."

அவள் கண் சரியாகத் தெரியாத நிலையில் இருந்தாள். கையைத் தூக்கி ஒரு பட்டனைத் தொட்டாள். அடியில் விரலை விட்டுக் காம்பைத் தடவினாள். முடிச்சைத் தேடினாள், அகப்படவில்லை. அடுத்த பட்டன். அதற்கடுத்தது. முகம் மலர்ந்தது. அத்தனை மாதத்தில் அப்படி ஒரு முகத்தை நான் பார்க்கவில்லை.

"மாமி" என்றாள், என்னைப் பார்த்து. "நீங்களா தெச்சீங்க? கை எவ்வளவு தேறிடுச்சு உங்களுக்கு!"

"நான்தான் தபீ. நான் தெச்சேன்" என்றார் ஜெபராஜ்.

"என்னைச் சமாதானப்படுத்தப் பொய் சொல்லாதீங்க அத்தான். உங்களைத் தெரியாதா எனக்கு?" அவள் சிரித்தாள். "இவருக்குச் சொல்லிக் குடுத்தது இவருக்கு ஏறல. பக்கத்துல உக்காந்திருந்த உங்களுக்கு ஏறிடுச்சு பாருங்க மாமி."

அவர் புதன் பையிலிருந்து ஊசியை எடுத்துவந்து, "இப்ப உன் முன்னாலயே தைக்கிறேன், பாரு" என்று கெஞ்சினார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேணாம், குத்திக்குவீங்க." பிறகு என் பக்கம் திரும்பினாள். "இனிமேலும் நீங்க பாத்துக்குவீங்களா மாமி? பட்டன் மட்டும் போதும். மத்ததை எப்படியாவது சமாளிச்சுக்குவார்."

நான் வாயைத் திறந்தேன். இல்லையடி, அவர்தான் தைத்தார், உன் கையே அவருக்கு வந்துவிட்டது என்று சொல்லத்தான் திறந்தேன். அவள் முகத்தில் இருந்த நிம்மதியை ஜெபராஜும் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு முன்னால் அவர் பேசிவிட்டார்.

"ஆமா தபீ. மாமிதான் தெச்சுக் குடுத்தாங்க. இனிமேலும் தெச்சுக் குடுப்பாங்க."

நான் தலையை ஆட்டினேன். வேறு என்ன செய்ய? அவள் அவர் கையை விடாமல் கண்ணை மூடினாள். அன்றைக்கு வலிக்கு ஊசி போடாமலே தூங்கினாள்.

அந்த வாரம் முடிவதற்குள் போய்விட்டாள். அவர் பயந்தபடியேதான் நடந்தது. வேலை முடிந்துவிட்டது என்று நம்பியதும் கிளம்பிவிட்டாள். முடித்தது அவர் என்று மட்டும் தெரிந்துகொள்ளாமல் போனாள். அதை நினைக்கும்போதெல்லாம், நான் சற்று முந்திக்கொண்டிருக்கக் கூடாதா என்றும், முந்தியிருந்தால் அந்தத் தூக்கம் அவளுக்கு வந்திருக்குமா என்றும் மனசு இரண்டு பக்கமும் இழுக்கிறது.

அடக்கம் முடிந்து உறவுக்காரர்கள் ஊர் திரும்பினார்கள். கூட வந்துவிடுங்கள் என்று கூப்பிட்டவர்களிடம் ஜெபராஜ் வரவில்லை என்றார். திங்கட்கிழமை அவர் கொடியில் துணி காய்ந்தது, நீலம் திட்டுத் திட்டாக இல்லாமல். செவ்வாய்க்கிழமை ரேஷன் கடை வரிசையில் நின்றார். அவர் சமையல் வாசனை எங்கள் வீட்டுக்கு வந்தபோது தோத்தாத்ரி, "நாகு, பக்கத்தாத்துல நம்மாத்தைவிட நன்னா சமைக்கறா போலிருக்கே" என்றார். எப்போதும் போல என்னால் சிரிக்க முடியவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் ஜெபராஜ் எங்கள் வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு சட்டை, ஒரு பட்டன். "இதைக் கொஞ்சம் தெச்சுக் குடுங்க மாமி" என்றார். நான் வாங்கித் தைத்துக் கொடுத்தேன். அடுத்த வாரமே அது விழுந்துவிட்டது. மறுபடி வந்தார். நான் தைத்த பட்டன் ரயில் நெரிசலில் விழுவதும், அவர் கொண்டுவருவதும், நான் தைப்பதுமாக வருஷங்கள் ஓடின. எழுபது, எழுபத்தொன்று. ஆபீசில் யாரோ அவர் சட்டையைப் பார்த்துக் கேலி செய்ததாகத் தோத்தாத்ரி ரயிலில் கேட்டுவந்து சொன்னபோது என்னால் தாங்கமுடியவில்லை. அவர் அடுத்த தடவை வந்தபோது வெடித்துவிட்டேன்.

"என்னைவிட நூறு மடங்கு நன்னா தைப்பேளே சார்! எதுக்கு இப்படி ஊர் சிரிக்க என்கிட்ட கொண்டுவந்து என் பிராணனை வாங்கறேள்?"

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "நீங்க தெச்சுக் குடுப்பீங்கன்னு அவகிட்ட சொல்லிட்டேனே மாமி" என்றார்.

சட்டையை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு வெளிச்சத்துக்காக வாசல்படியிலேயே உட்கார்ந்தேன். கண் மறைத்தது, ஊசியில் நூல் கோக்கவே வரவில்லை. அவர் என் எதிரில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், கை நீட்டி வாங்கிக் கோத்துத் தரவில்லை.